ஆர்டிஸ் ஹேவனின் குரல் வந்து சேர்ந்த வரலாறு

ஆர்டிஸ் ஹேவனைப் புதைத்து ஆறு வருடம் கழித்து, 1957 மார்ச் பதினான்காம் தேதி வியாழக்கிழமை, காலை ஏழடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஹாலிவுட்டில் ஹக்கோப் தெர்ஸியானின் பழக்கடை வாசலில் அவள் குரல் ஆரஞ்சு என்ன விலை என்று கேட்டது. ஹக்கோப் ஒரு மரப்பெட்டியின் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே டஜன் நாற்பது சென்ட் என்றார். குரல் அதைக் காதில் வாங்காமல் தன் பாட்டுக்குத் தொடர்ந்தது. "அடேயப்பா, நேத்து இருபதுன்னீங்க, இன்னிக்கு இருபத்தஞ்சா? ராத்திரியோட ராத்திரி மரத்துக்கு என்ன ஆச்சு? சரி சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. தோல் மெல்லிசாப் பார்த்துப் போடுங்க." ஹக்கோப் அப்போதுதான் நிமிர்ந்தார். வாசலில் ஒரு நாய்தான் இருந்தது, அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் பன்னிரண்டு பழம் பொறுக்கி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, காகிதப் பையில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். பழ வியாபாரத்தில் இருப்பவர்கள் அதிகம் ஆச்சரியப்படுவதில்லை. ஆச்சரியப்பட்டுக்கொண்டு நின்றால் சரக்கு அழுகிவிடும்.

அந்தக் குரலைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் இருபத்துமூன்று வருடமாக அதை யாரும் நேரில் கேட்டதில்லை. ஆர்டிஸ், நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே ஒட்டிலி ப்ரான்ட் என்ற பெயரில் பிறந்தவள். பிறந்தபோது முதலில் வாய் திறந்தது, அழுகை ஒரு விநாடி கழித்து வந்தது. பனிக்காலத்தில் பிறக்கிற குழந்தைகளுக்கு அப்படித்தான் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டு, பதில் இல்லையென்று டீச்சர் அடுத்த பெயருக்குப் போனபிறகுதான் 'இருக்கேன்' என்று வரும். அதனால் வருகைப் பதிவேட்டின்படி அவள் எட்டு வருடம் பள்ளிக்கே போகவில்லை. தேவாலயத்தில் எல்லோரும் ஆமென் சொல்லி உட்கார்ந்தபிறகு அவளுடைய ஆமென் தனியாக வரும். பாதிரியார் அதற்காகவே கொஞ்சம் நின்று, அப்புறம் வேதாகமத்தை மூடுவார். பதினெட்டு வயதில் ரயிலேறி ஹாலிவுட் வந்தாள். அது ஊமைப்படக் காலம். அவளுக்காகவே யாரோ உட்கார்ந்து ஊமைப்படத்தைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. ஆறே வருடத்தில் இருபத்தேழு படம். திரையில் அவள் ஒரு சன்னலைத் திறந்தால், கொட்டகையில் கடைசி வரிசைக்காரன்கூடக் காற்று வருகிறதென்று கோட்டுப் பொத்தானைப் போடுவான்.

பிறகு பேசும்படம் வந்து தொலைத்தது. முகத்தை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த பெரிய பெரிய ஆட்களெல்லாம், குரல் கீச்சென்றும் கரகரவென்றும் இருந்ததால், ஒரே வருடத்தில் காணாமல் போனார்கள். பசிபிக் க்ரௌன் ஸ்டுடியோ முதலாளி லட்கின், ஆர்டிஸை மைக்குக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தார். வாய் அசைந்தது. இரண்டு விநாடி கழித்துக் குரல் வந்தது, அதுவும் பாகு மாதிரி ஒரு குரல். "மூஞ்சி இன்னிக்கு வருது, குரல் நாளைக்கு வருது. ரெண்டு பேருக்கும் தனித்தனியாச் சம்பளம் குடுக்கணுமா நான்?" என்று லட்கின் கத்தினார். டெலிபோன் கம்பெனியிலிருந்து ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருந்த வெண்டல் ஹோக் என்ற முப்பத்துமூன்று வயது ஆள் அங்கே நின்றுகொண்டிருந்தான். படம் ஒரு சுருளிலும் ஒலி வேறு சுருளிலும்தானே ஓடுகிறது, ஒலியை இரண்டு விநாடி முன்னால் தள்ளி ஒட்டினால் தீர்ந்தது என்று, யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். ஆர்டிஸின் பிழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் தப்பித்தது.

வெண்டல் ஒஹையோக்காரன். கம்பம் ஏறிக் கம்பி இழுத்த கை. நேரில் ஒருவரிடம் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கம்பி வழியாகப் பேசச் சொன்னால் வெள்ளமாகப் பேசுவான். நான்காம் படப்பிடிப்புக் கூடத்தின் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, கண்ணாடி போட்ட ஒலிப்பதிவு அறை இருந்தது. அதற்கு ஏற இருபத்திரண்டு இரும்புப் படி. அங்கே உட்கார்ந்துகொண்டு, காதில் ஹெட்போனும் கண்ணெதிரே ஒலி அளக்கும் முள்ளுமாக அவன் ஆர்டிஸின் குரலுக்குக் காத்திருப்பான். அவளுடைய குரல் அவள் இருக்கும் இடத்துக்கு வருவதில்லை, சொன்னபோது வாய் எங்கே இருந்ததோ அங்கேதான் வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். மற்றவர்கள் அவள் தலைக்கு மேலே மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். வெண்டல் மட்டும் அவள் விட்டுவிட்டுப் போன இடத்தில் மைக்கைத் தொங்கவிட்டான். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று பார்க்க உலகமே இருந்தது, சற்று முன்னால் எங்கே இருந்தாள் என்று பார்க்க அவன் ஒருவன்தான்.

வருடத்துக்கு வருடம் தாமதம் கூடியது. 1931இல் ஐந்து விநாடி, 1934 தொடக்கத்தில் பதினொன்று. கூட நடிக்கிற ஆண்கள், அவள் வசனம் வந்து சேரும்வரை பதினொரு விநாடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதை வெட்டி எறியாமல் அப்படியே விட்டார்கள். ஒரு பெண் பேசியபின் இவ்வளவு ஆழ்ந்து யோசித்துப் பதில் சொல்லும் ஆண்களை இதுவரை திரையில் கண்டதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அயோவாவிலும் கான்சாஸிலும் பெண்கள் தங்கள் புருஷன்களும் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அந்த வருடம் விவாகரத்து பாதியாகக் குறைந்துவிட்டதென்றும், நீதிமன்றத்தில் தனக்கு ஈ ஓட்டுகிற வேலைதான் என்றும் கான்சாஸ் நீதிபதி ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

தினமும் மாலை வேலை முடிந்ததும் ஆர்டிஸ் அந்த இரும்புப் படியின் கீழே வந்து, மேலே பார்த்து, ஏதோ சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விடுவாள். தன் குரலுக்காக அவள் காத்திருந்ததே கிடையாது. அது வந்து சேரும் என்று நடையைக் கட்டிவிடுவாள். அவள் போனபிறகு வெண்டல் இறங்குவான். அவள் இருக்கும்போது இறங்க மாட்டான், அதுதான் அவனுடைய வியாதி. இருபத்திரண்டு படியும் குரல் வருவதற்குள் தடதடவென்று இறங்கி, கடைசிப் படியில் நின்று, வருவதை வாங்கிக்கொள்வான். "வரட்டுமா, டெலிபோன்காரரே? இன்னிக்காவது ஒழுங்காச் சாப்பிடுங்க." அது முடிகிறபோது அவள் கார் வாசல் கேட்டைத் தாண்டியிருக்கும். ஐந்து வருடம் இப்படிப் போனது. அவன் அவளை விரும்புகிறான் என்பது மின்விளக்குக்காரர்களிலிருந்து தலைமயிர் சீவிவிடுகிற பெண்கள்வரை எல்லோருக்கும் தெரியும். அவனும் அவளும்தான் அதைப்பற்றிப் பேசவில்லை.

1934 மார்ச் பதினான்காம் தேதி அவளுக்கு வசனம் இல்லை. சன்னலோரம் நின்று அழுகிற காட்சி மட்டும்தான். அது முடிந்ததும் வெண்டல் கூடத்து மௌனம் எடுத்தான். ஒவ்வொரு கூடத்துக்கும் அதற்கென்று ஒரு மௌனம் உண்டு. வசனங்களுக்கு நடுவே ஒட்டுவதற்காக, எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து ஒரு நிமிடம் அதைப் பதிவு செய்வார்கள். அந்த ஒரு நிமிடத்தில் முதலாளியே வந்தாலும் தும்மலை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சிவப்பு விளக்கு அணைந்ததும் ஆட்கள் காப்பி குடிக்கப் போனார்கள். ஆர்டிஸ் மட்டும் சன்னலோரம், தரையில் சுண்ணக்கட்டியால் போட்ட குறியின் மேலேயே நின்றிருந்தாள். மணி நாலு பத்து. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, வெண்டல் மேலேயிருந்து பேசும் பொத்தானை அழுத்தினான். "மிஸ் ஹேவன், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" ஒலிபெருக்கி அதைக் கூரை முழுவதும் சுற்றிக் காட்டியது.

கேட்டுவிட்டு அவன் முள்ளைப் பார்த்தான். ஒலிப்பதிவுக்காரன் அதைத்தான் பார்ப்பான். கண்ணாடிக்கு அப்பால் தெரிவதெல்லாம் அவனுக்குப் படம், முள் அசைந்தால்தான் நிஜம். பதினொரு விநாடி எண்ணினான். முள் அசையவில்லை. இருபது, நாற்பது, நூறு. ஒரு தடவை தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியே பார்த்திருக்கக் கூடாதா? பார்க்கவில்லை, மனுஷன். ஹெட்போனைக் கழற்றி வைத்தான். அந்த அறைக்கு வெளிப்பக்கமாக இன்னொரு கதவு உண்டு, அது நேரே தெருவுக்கு இறங்கும். அந்த வழியாகப் போய்விட்டான். உள்படி இறங்கிப் போகும் தெம்பு அவனுக்கு இல்லை.

மறுநாள் காலை படப்பிடிப்பில் ஆர்டிஸ் வாயசைத்தாள். பதினொரு விநாடி ஆயிற்று, ஒரு நிமிடம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று, குரல் வரவில்லை. வியன்னாவிலிருந்து வந்த வைத்தியர் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக வேலை செய்கிறது, குரல் கிளம்பிப் போய்விட்டது, எங்கே என்று கேட்டால் அது தன் துறை இல்லை என்றார். லட்கின் ஒப்பந்தத்தைக் கிழித்தார். வெண்டல் செய்தி கேட்டு இடிந்துபோனான். தனக்குப் பதில் சொல்லப் பிடிக்காமல்தான் அவள் குரலையே துறந்துவிட்டாள் என்று முடிவு கட்டினான். கூடத்துக்குப் போவதை விட்டுவிட்டு, மைக் பழுது பார்க்கும் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். அவளோ, குரல் போனவள் ஒலிப்பதிவுக்காரனுக்கு எதற்கு என்று நினைத்திருக்கிறாள். அவள் ஆல்டடீனாவில் எலுமிச்சை மரம் வைத்த ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு போனாள். பால்காரனுக்கும் தபால்காரனுக்கும் அட்டையில் எழுதிக் காட்டுவாள். ஹாலிவுட்டிலிருந்து அங்கே போகச் சிவப்பு ட்ராம் வண்டி இருந்தது, இடையில் ஒரு தடவைதான் மாற வேண்டும். பதினேழு வருடத்தில் இரண்டு பேரில் ஒருவரும் அதில் ஏறவில்லை. நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

1951 பிப்ரவரி ஒன்பதாம் தேதி பிற்பகல் அவள் அந்த வீட்டிலேயே இறந்தாள். உதடு அசைந்தது, வாசல் பக்கம் பார்த்தாள் என்று தாதி குறிப்பேட்டில் எழுதிவைத்தாள். அடக்கத்துக்கு நாலாயிரம் பேர் வந்தார்கள். பாதிரியார் ஆமென் சொன்னபிறகு அத்தனை பேரும் பதினொரு விநாடி அசையாமல் நின்றார்கள், பழக்கதோஷம். வெண்டல் கடைசி வரிசையில் தொப்பியை நசுக்கிக்கொண்டு நின்றான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் காலை ஹக்கோப் கடையில் இரண்டு ஆரஞ்சு வாங்குவான். அந்தக் காலத்தில் அவள் வாங்கிய கடை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. அவனுக்கு ஆரஞ்சு ஒத்துக்கொள்ளாது.

1957இல் நான் சொன்ன அந்த வியாழக்கிழமை ஏழேகாலுக்கு அவன் வந்தபோது, ஹக்கோப் காகிதப் பையை எடுத்து முன்னால் வைத்தார். "உங்க நட்சத்திரம் வந்துச்சு, வெண்டல். ஆள் வரல, குரல் மட்டும். வெலை ஜாஸ்தின்னு என்னோட சண்டை வேற." வெண்டல் பையை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அட, நெசமாத்தான்யா. இருபதை இருபத்தஞ்சு ஆக்கினேனே, அன்னிக்குப் பேசின பேச்சு. வாய் அசைஞ்சுது, பழத்தை வாங்கிட்டுக் கார்ல ஏறிட்டாங்க. குரலைக் காணோம். சரி, கூடவே கார்ல போயிருச்சுன்னு நானும் விட்டுட்டேன். இப்பத்தான் வந்து சேருது. நம்ம தபால்காரன் எவ்வளவோ பரவால்ல." வெண்டல் கேட்டான்: "என்னிக்கு வெலை ஏத்தினீங்க?" "மறக்குமா? முப்பத்திநாலு, மார்ச்சு பதினாலு. முந்தின நாள்தான் எம் பையன் பொறந்தான். வாய் ஒண்ணு கூடுச்சு, வெலையும் கூடுச்சு."

வெண்டல் கணக்குப் போட்டான். அப்படியென்றால் அன்று காலையிலேயே குரல் கைநழுவிவிட்டது. அன்று அவளுக்கு வசனம் இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியென்றால் சாயங்காலம் நாலு பத்துக்கு முள் அசையாமல் இருந்ததற்கு, அவள் பதில் சொல்லவில்லை என்று அர்த்தமில்லை. பதில் இருந்தால் அது இன்று வரும், நாலு பத்துக்கு. நான்காம் கூடத்தில், அந்த சன்னலோரத்தில், தரையிலிருந்து ஐந்தடி மூன்றங்குல உயரத்தில், அவள் வாய் இருந்த இடத்தில். பழப் பையை விட்டுவிட்டுப் போய், பாதித் தூரம் நடந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனான். பழைய ஒலிப்பதிவுக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தான். அன்றைய தேதியில் அவன் கையெழுத்திலேயே இருந்தது: நாலு மணி ஒன்பது, கூடத்து மௌனம், ஒரு நிமிடம், நன்று.

அந்தப் பதில் ஒரு தடவைதான் வரும். அதைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். அவன் மூன்றரைக்கே நான்காம் கூடத்துக்குப் போனான். ஸ்டுடியோ அதைத் தொலைக்காட்சி விளம்பரக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. உள்ளே துணி துவைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சோப்புத்தூள் விளம்பரம். தச்சர்கள் ஒரு பக்கம் சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய சன்னல் இருந்த இடத்தில், குறி போட்டிருந்த அதே இடத்தில், வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்துப் பிடித்தபடி ஒரு நடிகை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேலே பழைய ஒலிப்பதிவு அறை கண்ணாடி உடைந்து, புறா அடைந்து கிடந்தது. விளம்பரத்தை எடுத்த இயக்குநருக்கு இருபத்தெட்டு வயது, ப்ராடி என்று பெயர், வாயில் எந்நேரமும் சூயிங்கம். நாலு ஆறுக்கு வெண்டல் அவனிடம் போனான்.

"சவுண்ட் ஆளு நான். கூடத்து மௌனம் எடுக்கணும்."

"எங்க சவுண்ட் ஆளே சும்மாத்தானே இருக்காரு, பெரியவரே? அப்புறம் எடுத்துக்கலாம். விரிப்பு மஞ்சளாத் தெரியுதுன்னு சோப்புக் கம்பெனிக்காரன் என் கழுத்துல உக்காந்திருக்கான்."

"இப்ப எடுக்கணும்," என்றான் வெண்டல். அறுபத்தொரு வருடத்தில் முதல்முறையாக ஒரு மனிதனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசினான். ப்ராடி சூயிங்கம் மெல்லுவதை நிறுத்தினான். வெண்டல் விரிப்பைப் பிடித்திருந்த நடிகையிடம் போய், "தள்ளிக்கோம்மா. இது வேற ஒருத்தங்க நிக்கிற இடம்," என்றான். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டாள். அவன் போய்ச் சிவப்பு விளக்கைப் போட்டு மணியை அழுத்தினான்.

எங்கள் ஊரைப்பற்றி வெளியாட்கள் என்ன வேண்டுமானாலும் பேசுவார்கள். பொய்யர்கள், குடிகாரர்கள், பெண்டாட்டியை மாற்றிக்கொள்கிறவர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் மணி அடித்துச் சிவப்பு விளக்கு எரிந்தால் எவனும் மூச்சுவிட மாட்டான். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டான். சுத்தியை ஓங்கிய தச்சன் ஓங்கியபடியே நின்றான். யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். கூரையில் புறாக்கள்கூட அடங்கின, அவையும் இந்த ஊர்ப் புறாக்கள்தானே. வெண்டல் அவள் நின்ற இடத்துக்கு எதிரே, ஒரு முழ தூரத்தில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஒலிப்பதிவு இயந்திரம் பக்கத்தில்தான் இருந்தது. முள் இருக்கும் திசையில் அவன் திரும்பவில்லை.

நாலு பத்துக்குக் குரல் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

"இதையெல்லாம் ஒலிபெருக்கிலயா கேப்பாங்க? இறங்கி வந்து மூஞ்சியைப் பார்த்துக் கேளுங்க, டெலிபோன்காரரே."

வெண்டல் தலையை நிமிர்த்தினான். "வந்துட்டேன்," என்றான். பிறகு, அத்தனை பேர் முன்னாலும், ஒருவரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்து, "மிஸ் ஹேவன், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்டான்.

அன்றைக்கு அவள் என்ன செய்தாள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அவன் படியிறங்கி வந்துகொண்டிருக்கிறான் என்று நம்பி, குறியின் மேலேயே நின்றுகொண்டு, தன் குரல் வந்ததா என்றுகூட வழக்கம்போலக் கவனிக்காமல், தான் சொல்லப்போவதை ஒத்திகை பார்த்திருக்கிறாள். நடிகை இல்லையா. ஒன்று, இரண்டு என்று பதினொரு விநாடி போனது. பிறகு குரல் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "சரி," என்றது. கொஞ்சம் விட்டு, "ம்ஹூம், சட்டுனு சொல்லிடக் கூடாது. யோசிக்கிற மாதிரி இருக்கணும்." தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிங்க, வெண்டல்." அது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும், இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம், "இதைக் கேக்கவா அஞ்சு வருஷம்?" என்று சிரித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. "எத்தனை படி, இருபத்திரெண்டுதானே? என்ன பண்றீங்க இவ்வளவு நேரம்?" மறுபடி ஒன்றும் இல்லை. "வெண்டல்?"

"இங்கதான் இருக்கேன்," என்றான் அவன். "இங்கதாம்மா நிக்கிறேன்."

அவள் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறாள். ஆகவே அவர்களும் நாற்பது நிமிடம் நின்றார்கள். விளக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. விரிப்பைப் பிடித்திருந்த நடிகை அதிலேயே கண்ணைத் துடைத்து மையை அப்பிவிட்டாள். கடைசியாக, சற்றே கம்மிப்போன குரலில், "பூட்டறாங்க போல இருக்கு. சரி, நாளைக்கு," என்று வந்தது. வெண்டல் போய்ச் சிவப்பு விளக்கை அணைத்தான். தச்சன் சுத்தியை இறக்கினான். ப்ராடி கொஞ்ச நேரம் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு விரிப்பு கொண்டுவரச் சொன்னான்.

மறுநாளிலிருந்து அவளுடைய குரல் வரிசையாக வரத் தொடங்கியது, எங்கெங்கே பேசினாளோ அங்கங்கே. தையற்கடையில் கழுத்து இறக்கம் ஜாஸ்தி என்றது. லட்கினின் பழைய அறையில் வாய்க்கு வந்தபடி திட்டியது. இப்போது அங்கே இருந்த கணக்கர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவளுடைய பழைய நாட்குறிப்பைத் தேடிப் பிடித்து, வெண்டல் அவளுக்கு முன்பாகவே போய் நின்றான். 1934 ஆகஸ்டில் அவள் ஆல்டடீனா வீட்டுக்குக் குடிபோனாள். ஆகவே 1957 ஆகஸ்டுக்குள் அவன் அந்த வீட்டை, அப்போது அதில் இருந்த பல் வைத்தியரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு, குரல் குடிவருவதற்கு மூன்று நாள் முன்னதாகக் குடிபோனான். ட்ராம் வண்டியில் ஏறித்தான் போனான்.

தன் பேச்சு யார் காதிலும் விழாது என்று தெரிந்த பெண்ணுக்கு எதற்கு வெட்கம்? அந்த வீட்டில் அவள் பதினேழு வருடமும் அவனோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். முதல் இரண்டு வருடம் முழுக்க வசவு. "கோழை, கோழை. கம்பி இல்லாம உங்களுக்குப் பேச்சே வராதா?" வெண்டல் சமையலறையில் நின்று தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். மூன்றாம் வருடம் கோபம் ஆறி, எலுமிச்சை காய்க்கவில்லை, கூரை ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுக்காரி சிடுமூஞ்சி என்று பேச்சு வளர்ந்தது. பேசுகிறபோது நடுநடுவே நிறுத்தியிருந்தாள். எதிராளி பதில் சொல்ல இடம் விட்டு, சரியாகப் பதினொரு விநாடி நிறுத்தியிருந்தாள். அவன் அந்த இடத்தில் பதில் சொன்னான். பெரும்பாலும் பொருந்தியது. பொருந்தாதபோது சண்டை வந்தது. எந்த வீட்டில் வராது? குடிக்கணக்கு எடுக்க வந்த ஆள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டு போனான்.

1974 பிப்ரவரி ஒன்பதாம் தேதி வெண்டலுக்கு எழுபத்தெட்டு வயது. நாள் அவனுக்குத் தெரியும். பிற்பகல் முழுவதும் அவள் படுக்கை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். குரல் இரண்டு நாளாகவே மெலிந்திருந்தது. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், தெளிவாக, வாசலில் யாரோ வந்து நிற்பதைப் பார்த்துச் சொல்வது போல, "வந்துட்டீங்களா? ஷூவைத் தொடச்சுட்டு வாங்க," என்றது. வெண்டல் எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், மிதியடியில் இரண்டு காலணியையும் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தான்.

அடுத்த நாள் காலை, முதல் பஸ் பிடித்து, வழக்கம்போல ஹக்கோப் கடைக்குப் போனான். ஹக்கோப் காலமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. விலை ஏறிய நாளுக்கு முந்தின நாள் பிறந்த அந்த மகன்தான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்மண்டை வழுக்கை விழுந்துவிட்டது. "வீட்ல அம்மாவுக்கா, ஐயா? ஒரு டஜனா?" என்றான். வெண்டல் பதினொரு விநாடி நின்றான். பிறகு, "ஆமாப்பா, தோல் மெல்லிசாப் பார்த்துப் போடு," என்றான்.